ஒரே காட்டில் மூன்று கொன்றுண்ணிகள்: உணவும் உடன்வாழ்வும்

கர்நாடக மாநிலத்தின் மைசூரு, குடகு ஆகிய மாவட்டங்களில் பரந்துள்ள நாகரஹொளெக் காடு ஏறத்தாழ 640 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இதன் தெற்கே கபினி நீர்த்தேக்கமும், அதற்கு அப்பால் பந்திப்பூர்க் காடும் உள்ளன. பந்திப்பூரை அடுத்துத் தமிழ்நாட்டின் முதுமலையும் கேரளத்தின் வயநாடும் அமைந்துள்ளன. நான்கு பெயர்களால் அழைக்கப்பட்டபோதிலும், விலங்குகளைப் பொறுத்தவரை இவை அனைத்தும் ஒரே தொடர்காடே ஆகும். இக்காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்று பெரிய ஊனுண்ணிகளும் ஒரே நிலத்தில், ஒரே மான் கூட்டங்களை நம்பி வாழ்கின்றன.

ஒரே வகையான உணவை நாடும் மூன்று விலங்குகள் ஒரே இடத்தில் எவ்வாறு நெடுங்காலம் நிலைத்து வாழ இயலும்? வலியது மெலியதை ஏன் முற்றாக அகற்றிவிடவில்லை? இது நூலறிவுக்கு மட்டும் உரிய வினா அன்று. காட்டில் இரை குறைந்தால் இவற்றுள் எது முதலில் வெளியேறும், வெளியேறியது எங்குச் செல்லும், அதன் இழப்பை யார் தாங்குவர் என்னும் நடைமுறை வினாக்களும் இதனுள் அடங்கியுள்ளன. வனத்துறை அலுவலர், வளர்ச்சித் துறை அலுவலர், விலங்கியல் மாணவர் ஆகிய அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

போட்டி விலக்கு விதி

1934ஆம் ஆண்டில் ரஷ்ய உயிரியல் அறிஞர் காஸ் நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த சோதனைகளை நூலாக வெளியிட்டார். பாரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிரியின் இரு இனங்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தபோது இரண்டும் செழித்தன. ஒரே குழாயில், ஒரே உணவைக் கொடுத்து வளர்த்தபோது ஓரினம் மட்டுமே எஞ்சியது, மற்றது மறைந்தது. தேவைகள் அனைத்திலும் முற்றும் ஒத்த இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் நிலையாக உடன்வாழ இயலாது என்பது இதிலிருந்து பெறப்பட்ட விதியாகும். இதனைப் போட்டி விலக்கு விதி என்பர்.

இவ்விதியை மறுபுறமாகவும் கூறலாம். இரண்டு நெருங்கிய இனங்கள் ஓரிடத்தில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து வருமாயின், அவற்றின் வாழ்க்கை முறையில் ஏதேனும் ஒரு வேறுபாடு இருத்தல் வேண்டும். அவ்வேறுபாடு உண்ணும் பொருளில் இருக்கலாம். வேட்டையாடும் நேரத்தில் இருக்கலாம். வாழும் இடத்தில் இருக்கலாம். அல்லது, அனைத்துக்கும் போதுமான உணவு இருப்பதால் போட்டியே கடுமையாகாமல் இருக்கலாம். இவற்றுள் எது உண்மை என்பதைக் காட்டில் அளந்தே அறிய வேண்டும். ஊகத்தால் கூற இயலாது.

மூன்று விலங்குகளின் இயல்பு

புலியும் சிறுத்தையும் பாந்தெரா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. உறவில் மிக நெருங்கியவை. இரண்டும் தனித்து வாழ்பவை; பதுங்கிச் சென்று பாய்ந்து, பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொல்பவை. உருவ அளவில் மட்டும் இவற்றிடையே பெரும் வேறுபாடு உண்டு. வளர்ந்த ஆண்புலி 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை உடையதாக இருக்கலாம். ஆண்சிறுத்தையின் எடை பொதுவாக 50 முதல் 70 கிலோகிராம் வரை இருக்கும். பெண்சிறுத்தை இதனினும் சிறியது.

செந்நாய் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. பூனைக் குடும்பமும் நாய்க் குடும்பமும் ஊனுண்ணி வரிசையின் இரு கிளைகளாகும். செந்நாயின் எடை 20 கிலோகிராமைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. ஆயினும் அது கூட்டமாக வேட்டையாடுவதால் தன்னைப்போல் பன்மடங்கு எடையுள்ள மானையும் வீழ்த்தவல்லது. பதுங்குதல் அதன் வழியன்று. விரட்டிச் சென்று, பல திசைகளிலிருந்தும் தாக்குவதே அதன் வழி. வீழ்த்திய இரையைக் கூட்டம் மிக விரைவாகத் தின்று முடிக்கிறது. புலியோ சிறுத்தையோ வந்து பறித்துக்கொள்வதற்குள் உண்டு முடிக்கும் இப்பழக்கம் செந்நாய்க்குப் பெரும் பாதுகாப்பு எனலாம்.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகையற்றவை அல்ல. வாய்ப்புக் கிடைக்கும்போது புலி சிறுத்தையைக் கொல்வதுண்டு, செந்நாயையும் கொல்வதுண்டு. செந்நாய்க் கூட்டம் சிறுத்தையை விரட்டி மரத்தில் ஏற்றிவிடுவதும் காணப்பட்டுள்ளது. சிறுத்தை தன் இரையை மரக்கிளையில் ஏற்றி வைத்துக்கொள்வதற்கு இப்பகையும் ஒரு காரணமாகும்.

உணவை அறியும் முறை

அடர்ந்த காட்டில் புலி வேட்டையாடுவதை நேரில் காண்பது அரிது. எனவே ஆய்வாளர்கள் இரண்டு சான்றுகளை நம்புகின்றனர். ஒன்று, கொல்லப்பட்ட விலங்கின் எஞ்சிய உடல். கடித்த இடம், பல் தடங்களின் இடைவெளி, தின்ற முறை, இழுத்துச் சென்ற தடம் ஆகியவற்றைக் கொண்டு கொன்றது எது என்பதைக் கூறலாம். ஆனால் பெரிய விலங்கின் உடலே எளிதில் கண்ணில் படும். முயலையோ சருகுமானையோ கொன்றால் எஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே இச்சான்றை மட்டும் கொண்டு கணக்கிட்டால் பெரிய இரையின் பங்கு மிகையாகத் தோன்றும்.

மற்றொரு சான்று விலங்கின் எச்சம். இரையின் மயிர் செரிமானமாகாமல் எச்சத்தில் வெளிவருகிறது. எச்சத்தை நீரில் அலசி, மயிரைப் பிரித்து, உருப்பெருக்கியின் கீழ் அதன் மேற்புறச் செதிள் அமைப்பையும் உட்புற அமைப்பையும் பார்த்து, முன்பே சேகரித்து வைத்துள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, எந்த விலங்கின் மயிர் என்பதை அறிகின்றனர்.

இதிலும் ஒரு பிழை நேரலாம். சிறிய விலங்கின் உடலில் எடைக்கு ஒப்ப மயிரும் தோலும் மிகுதி; ஆகவே ஒரு கிலோகிராம் முயல் இறைச்சியிலிருந்து உண்டாகும் எச்சங்கள், ஒரு கிலோகிராம் கடமான் இறைச்சியிலிருந்து உண்டாவதைவிட மிகுதியாக இருக்கும். இதனைச் சரிசெய்யும் ஒரு சமன்பாடு, அமெரிக்காவில் பூமா என்னும் பெரும்பூனைக்கு உணவளித்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில் 1984ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. புலிக்கும் சிறுத்தைக்கும் அது பரவலாகப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. அது வருமாறு:

ஓர் எச்சத்துக்கு உரிய இரையின் எடை (கிலோகிராம்) = 1.980 + (0.035 × இரை விலங்கின் உடல் எடை)

மாணவர்கள் இதனை ஒரு கற்பனைக் கணக்கின் வாயிலாக விளங்கிக்கொள்ளலாம். ஒரு காட்டில் 100 எச்சங்கள் சேகரிக்கப்பட்டன எனக் கொள்வோம். அவற்றுள் 60இல் புள்ளிமான் மயிரும், 30இல் கடமான் மயிரும், 10இல் முயல் மயிரும் இருந்தன. புள்ளிமானின் எடை 50, கடமானின் எடை 200, முயலின் எடை 3 கிலோகிராம் எனக் கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும்:

புள்ளிமான்: எச்சம் ஒன்றுக்கு 3.73 கிலோகிராம், 60 எச்சங்களுக்கு 223.8 கிலோகிராம், ஏறத்தாழ 4.5 மான்கள்.

கடமான்: எச்சம் ஒன்றுக்கு 8.98 கிலோகிராம், 30 எச்சங்களுக்கு 269.4 கிலோகிராம், ஏறத்தாழ 1.3 மான்கள்.

முயல்: எச்சம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.09 கிலோகிராம், 10 எச்சங்களுக்கு ஏறத்தாழ 20.9 கிலோகிராம், ஏறத்தாழ 7 முயல்கள்.

எச்சங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புள்ளிமானே முதலிடம் பெறும். உண்ட இறைச்சியின் எடையைப் பார்த்தால் கடமான் பாதிக்கும் மேற்பட்ட பங்குடன் முதலிடம் பெறும். கொல்லப்பட்ட உயிர்களின் எண்ணிக்கையைப் பார்த்தாலோ முயல் முதலிடம் பெறும். ஒரே தரவிலிருந்து மூன்று வெவ்வேறு விடைகள் கிடைப்பது கவனிக்கத்தக்கது. "புலி எதை மிகுதியாக உண்கிறது?" என்று கேட்கும் அலுவலர், தாம் கேட்பது இம்மூன்றில் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கால்நடை இழப்பைப் பற்றிய அறிக்கைகளைப் படிக்கும்போதும் இது பொருந்தும்.

இந்தியாவில் நிகழ்ந்த ஆய்வுகள்

இத்துறையில் முதல் விரிவான ஆய்வு மத்தியப் பிரதேசத்தின் கான்ஹாக் காட்டில் ஜார்ஜ் ஷாலர் என்னும் அமெரிக்க அறிஞரால் 1963 முதல் 1965 வரை நடத்தப்பட்டது. மானையும் புலியையும் பற்றிய அவருடைய நூல் 1967இல் வெளிவந்தது. 1970களில் நேபாளத்தின் சித்வன் காட்டில் ஜான் சைடன்ஸ்டிக்கர் புலியையும் சிறுத்தையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, சிறுத்தை புலியைவிடச் சிறிய இரையை நாடுவதையும், புலி மிகுதியாக நடமாடும் இடங்களைத் தவிர்த்து வாழ்வதையும் 1976இல் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் ஏ. ஜே. டி. ஜான்சிங் பந்திப்பூரில் செந்நாயைப் பற்றிய தமது ஆய்வைத் தொடங்கினார். செந்நாயின் தலையாய இரை புள்ளிமானே என்பதை அவ்வாய்வு காட்டியது.

மூன்று விலங்குகளையும் ஒருசேர ஆராய்ந்தது நாகரஹொளெ ஆய்வாகும். உல்லாஸ் கரந்த், மெல்வின் சன்குவிஸ்ட் ஆகிய இருவரும் இதன் முடிவுகளை 1995இலும் 2000இலும் வெளியிட்டனர். மூன்று விலங்குகளுக்கும் தனித்தனியே நானூற்றுக்கும் மேற்பட்ட எச்சங்கள் ஆராயப்பட்டன. கொல்லப்பட்ட விலங்குகளின் உடல்கள் நூற்றுக்கணக்கில் பதிவு செய்யப்பட்டன. சில விலங்குகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை அணிவித்து அவற்றின் நடமாட்டமும் பின்தொடரப்பட்டது. இதனோடு, காட்டில் எத்தனை மான்கள், எத்தனை காட்டெருதுகள் உள்ளன என்ற கணக்கும் எடுக்கப்பட்டது. உண்டதை மட்டும் அறிந்தால் போதாது. உண்ணக் கிடைத்ததையும் அறிந்தால்தான் விலங்கு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கூற முடியும்.

நாகரஹொளெ காட்டிய உண்மைகள்

மூன்று விலங்குகளின் உணவிலும் மிகப் பெரும்பகுதி குளம்புள்ள விலங்குகளே. இரைப் பட்டியலில் உள்ள பெயர்களும் பெரும்பாலும் ஒன்றே: காட்டெருது, கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, கேளையாடு. பட்டியலை மட்டும் பார்ப்பவர்க்கு இவை மூன்றும் நேர்ப் போட்டியில் உள்ளன என்றே தோன்றும். ஆனால் இரையின் பருமனைக் கணக்கிட்டபோது வேறுபாடு வெளிப்பட்டது. கொல்லப்பட்ட முக்கிய இரை விலங்குகளின் சராசரி எடை பின்வருமாறு இருந்தது:

புலி: 91.5 கிலோகிராம்
செந்நாய்: 43.4 கிலோகிராம்
சிறுத்தை: 37.6 கிலோகிராம்

புலி 176 கிலோகிராமுக்கு மேற்பட்ட பெரிய இரையைத் தேர்ந்து நாடியது. காட்டெருது, கடமான் ஆகியவை இவ்வகையின. சிறுத்தையும் செந்நாயும் 30 முதல் 175 கிலோகிராம் வரையுள்ள நடுத்தர இரையில் கவனம் செலுத்தின. ஆகவே புலிக்கும் மற்ற இரண்டுக்கும் இடையிலான பிரிவு இரையின் பருமனால் ஏற்படுகிறது எனலாம். வயிறு நிரம்பப் பல நாள் உண்ணக்கூடிய ஒரு பெரிய விலங்கைக் கொல்வது புலிக்கு ஆதாயமானது. அத்தகைய விலங்கை எதிர்ப்பது சிறுத்தைக்கு உயிராபத்தானது.

உள்வேறுபாடுகளும் காணப்பட்டன. சிறுத்தையின் உணவில் காட்டுப்பன்றியின் பங்கு காட்டில் அது இருக்கும் அளவுக்கு ஒப்பக் குறைவாகவே இருந்தது. கூரிய கோரைப்பற்களும் மூர்க்கமும் உடைய பன்றியைச் சிறுத்தை எளிதில் வெல்ல இயலாது. செந்நாயின் உணவில் கேளையாட்டின் பங்கு அவ்வாறே குறைந்திருந்தது. காட்டெருதுக் கூட்டத்தில் புலி பெரும்பாலும் இளங்கன்றுகளையே தாக்கியது. புள்ளிமான், கடமான், காட்டுப்பன்றி ஆகியவற்றில் வளர்ந்த ஆண்களே தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிக் கொல்லப்பட்டன. ஆண்மான் தனித்தோ கூட்டத்தின் ஓரத்திலோ திரிவதும், இணைசேரும் பருவத்தில் ஒன்றோடொன்று போரிட்டுக் காயமும் சோர்வும் அடைவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

சிறுத்தையும் செந்நாயும் ஏறத்தாழ ஒரே பருமனுள்ள இரையை நாடும்போது அவற்றைப் பிரிப்பது எது? ஒரு பகுதி விடை நேரத்தில் உள்ளது. செந்நாய் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் வேட்டையாடுகிறது. புலி பெரும்பாலும் இரவிலும் அந்தி வேளையிலும் வேட்டையாடுகிறது. சிறுத்தை இரண்டு வேளைகளிலும் வேட்டையாடவல்லது. மற்றொரு பகுதி விடை முறையில் உள்ளது. பதுங்கிப் பாய்பவனிடம் சிக்கும் மானும், நெடுந்தொலைவு ஓடித் தளரும் மானும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆயினும் ஆய்வாளர்கள் மிக முக்கியமானதாகக் கண்ட காரணம் இவற்றினும் எளியது. நாகரஹொளெயில் இரை வளம் மிகுதி. பெரியது, நடுத்தரமானது, சிறியது என எல்லாப் பருமனிலும் இரை விலங்குகள் நிறைந்துள்ளன. மறைந்து வாழப் போதிய புதரும், ஏறித் தப்ப மரங்களும் உள்ளன. பந்தியில் உணவு நிறைந்திருக்கும்போது இடத்துக்குச் சண்டை இல்லை. மூன்று விலங்குகளும் ஒரே காட்டுப்பகுதியில் நடமாடியதும், ஒன்று மற்றொன்றை முற்றாக விலக்கி வைக்காததும் இதனாலேயே.

2017இல் வெளியான மற்றொரு ஆய்வு இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது. கர்நாடகத்தின் நான்கு காப்பகங்களில் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி, மூன்று விலங்குகளின் நடமாட்டமும் ஒப்பிடப்பட்டது. இரை மிகுந்த காடுகளில் செந்நாய் பகலிலும் பெரும்பூனைகள் இரவிலும் இயங்கியதால் அவை சந்திப்பது குறைவாக இருந்தது. இரை குறைந்த பத்ரா காட்டில் அவற்றின் இயக்க நேரங்கள் ஒன்றோடொன்று கலந்தன. அங்குச் செந்நாய் இடத்தால் விலகி வாழ வேண்டியிருந்தது. உடன்வாழ்வுக்கு ஒரே நிலையான சூத்திரம் இல்லை என்பதும், இரையின் அளவுக்கு ஏற்ப அது மாறுகிறது என்பதும் இதிலிருந்து புலனாகின்றன.

சமன்பாடு குலையும்போது

இரை வளம் குறைந்த காட்டில், அல்லது புலியின் எண்ணிக்கை விரைந்து உயரும் காட்டில், என்ன நிகழும்? இதற்கு உத்தரகண்ட் மாநிலத்தின் ராஜாஜி தேசியப் பூங்கா தெளிவான விடை அளித்துள்ளது. கங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சில்லா வனச்சரகத்தில் வாழ்ந்துவந்த வன் குஜ்ஜர் எனப்படும் கால்நடை வளர்க்கும் மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்ட பின், அங்குப் புலிகளின் எண்ணிக்கை உயரத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் சிறுத்தைகளின் அடர்த்தி 100 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 10 என்ற நிலையிலிருந்து சுமார் 2ஆகக் குறைந்தது என 2011இல் வெளியான ஆய்வு கூறியது. எஞ்சிய சிறுத்தைகளின் உணவும் மாறியது. அதில் வீட்டு விலங்குகளின் பங்கு 7 சதவீத அளவிலிருந்து 32 சதவீத அளவுக்கு உயர்ந்தது. சிறிய இரையின் பங்கும் உயர்ந்தது.

இதன் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. காட்டின் நடுவில் கிடைத்த வெற்றியின் விலையைக் காட்டின் ஓரத்தில் ஆடு வளர்ப்பவர் செலுத்த நேர்ந்தது. புலி மீண்டது நாட்டுக்கு நன்மை. ஆனால் அதனால் ஒதுக்கப்பட்ட சிறுத்தை ஓரக் கிராமங்களை நோக்கி நகர்ந்தது. புலிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதும் அறிக்கையில் இவ்விழப்பு இடம்பெறுவதில்லை.

சிறுத்தை காட்டை முற்றிலும் விட்டும் வாழவல்லது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மகாராஷ்டிர மாநிலத்தின் அகோலே வட்டாரத்தில் கரும்பு வயல்களும் ஊர்களும் நிறைந்த நிலப்பகுதியில் வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் மேற்கொண்ட ஆய்வில், சிறுத்தை உண்ட இரையின் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகளே எனக் கண்டனர். அதில் நாய் மட்டும் 39 சதவீதம். ஆட்டின் பங்கு இதனினும் மிகக் குறைவு. கேட்பாரற்றுத் திரியும் நாய்களும் அவற்றுக்கு உணவளிக்கும் குப்பைமேடுகளும் ஊர்ப்புறத்தில் சிறுத்தையைத் தாங்கி நிற்கின்றன என்பது இதனால் தெரிகிறது. புள்ளிமான் இருந்த இடத்தில் நாய் வந்து அமர்ந்துள்ளது எனலாம்.

ஊருக்குள் தென்பட்ட சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விடுவது பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்தது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர்ப் பகுதியில் இவ்வாறு பெருமளவில் செய்தபோது மனிதர்மீதான தாக்குதல்கள் குறைவதற்கு மாறாக உயர்ந்தன. போட்டி விலக்கு விதியை அறிந்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். புதிய காடு வெற்றிடமன்று. அங்கு முன்பே சிறுத்தைகளும், சில இடங்களில் புலிகளும் உள்ளன. விடப்பட்ட விலங்கு அங்கு நிலைபெற முடியாமல் அறியாத ஊர்களின் வழியே அலைகிறது. காலியான பழைய இடத்துக்கு மற்றொரு சிறுத்தை வந்து சேர்கிறது. மத்திய சுற்றுச்சூழல், வன அமைச்சகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்வாறு பிடித்து வேறிடத்தில் விடுவதைத் தவிர்க்குமாறு கூறுவது இவ்வனுபவங்களின் விளைவே ஆகும்.

செந்நாயின் நிலை

மூன்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது செந்நாய். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அது மான்களை அழிக்கும் தீய விலங்காகக் கருதப்பட்டது. அதைக் கொல்வோர்க்கு வெகுமதியும் அளிக்கப்பட்டது. வேட்டைக்காரர்கள் தமக்கு உரியவை எனக் கருதிய மான்களைச் செந்நாய் கொன்றதே அதன்மீது சுமத்தப்பட்ட குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னரே அந்நிலை மாறியது. இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் செந்நாயை அருகிவரும் இனமாக வகைப்படுத்தியுள்ளது.

செந்நாய்க் கூட்டத்துக்குப் பரந்த நிலமும் நிறைந்த நடுத்தர இரையும் தேவை. சிறுத்தையைப்போல் எலியையும் நாயையும் உண்டு ஊரோரத்தில் காலந்தள்ள அதனால் இயலாது. எனவே மான்கள் குறையும்போது சிறுத்தை இடம்பெயர்கிறது, செந்நாயோ மறைகிறது. இதனோடு, காட்டோரத்தில் திரியும் நாய்களிடமிருந்து வெறிநோய், டிஸ்டெம்பர் முதலிய நோய்களும் செந்நாய்களுக்குப் பரவக்கூடும். நெருங்கிய உறவுடைய இனங்களுக்கிடையே நோய் தாவுவது எளிது.

திட்டமிடுவோர் கருத வேண்டியவை

புலிப் பாதுகாப்புத் திட்டம் 1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒன்பது காப்பகங்களுடன் தொடங்கப்பட்டது. பந்திப்பூர் அவற்றுள் ஒன்று. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,411 என மதிப்பிடப்பட்ட புலிகளின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 3,682ஆக உயர்ந்தது. அதே ஆண்டு மதிப்பீட்டில் சிறுத்தைகளின் எண்ணிக்கை 13,874 எனக் கூறப்பட்டது. இவ்வுயர்வு பெருமைக்குரியது. ஆனால் மேற்கூறிய உண்மைகள், கொன்றுண்ணிகளை எண்ணுவதோடு பணி முடிவதில்லை என்பதை உணர்த்துகின்றன. பின்வரும் கருத்துகள் கவனத்துக்குரியவை.

முதலாவதாக, இரை விலங்குகளின் கணக்கெடுப்பு முறையாக நடைபெற வேண்டும். ஒரு புலி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 மான்களுக்கு ஒப்பான இரையைக் கொல்கிறது. இரைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டால்தான் அத்தொகை குன்றாது எனக் கொண்டால், ஒரு புலிக்கு 500 இரை விலங்குகள் காட்டில் இருத்தல் வேண்டும். புலியைக் கொல்லாமல் மானை மட்டும் திருட்டுத்தனமாக வேட்டையாடினாலும் புலி அழியும். இறைச்சிக்காக மானைக் கண்ணி வைத்துப் பிடிப்பதைச் சிறு குற்றமாகக் கருதும் மனப்பான்மை இக்காரணத்தால் தவறானது.

இரண்டாவதாக, இரை எல்லாப் பருமனிலும் இருத்தல் வேண்டும். புள்ளிமான் மட்டும் பெருகி, கடமானும் காட்டெருதும் குன்றிய காட்டில் புலியும் புள்ளிமானையே நாடும். அப்போது மூன்று கொன்றுண்ணிகளும் ஒரே இரையின்மீது வந்து மோதும். பெரிய குளம்பு விலங்குகளைக் காப்பது சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் மறைமுகமாக நன்மை பயக்கும்.

மூன்றாவதாக, புலிகள் பெருகும் காப்பகங்களின் ஓரக் கிராமங்களுக்கு முன்கூட்டியே திட்டம் வகுக்க வேண்டும். இரவில் ஆடுகளையும் கன்றுகளையும் அடைக்க உறுதியான கூரையும் கதவும் உடைய கொட்டில்கள், தாமதமின்றி வழங்கப்படும் இழப்பீடு, குப்பை அகற்றல், நாய்களுக்குத் தடுப்பூசி ஆகியவை இதில் அடங்கும். இவை வனத்துறையின் பணிகள் மட்டும் அல்ல. கால்நடைத் துறை, வருவாய்த் துறை, ஊராட்சி ஆகியவற்றின் கூட்டுப் பணிகளாகும். ஆட்டை இழந்த குடும்பம் பலமுறை அலுவலகம் ஏறி இறங்க நேர்ந்தால், அடுத்த முறை அது விண்ணப்பம் எழுதாது. எஞ்சிய இறைச்சியில் நஞ்சு வைக்கும். அந்நஞ்சு குற்றம் செய்த விலங்கை மட்டும் தேர்ந்து கொல்வதில்லை.

நான்காவதாக, காட்டினுள் வாழும் மக்களை இடமாற்றுவது அவர்களுடைய மனமார்ந்த இசைவோடு மட்டுமே நடைபெற வேண்டும் என 2006ஆம் ஆண்டுச் சட்டங்கள் வகுத்துள்ளன. இசைவு பெற்றுக் குடியமர்த்தியபோதும் பணி முடிந்துவிடுவதில்லை. விலங்குகளின் பரவல் அதன்பின் எவ்வாறு மாறுகிறது, புதிய குடியிருப்பும் அண்டை ஊர்களும் எத்தகைய இழப்பை எதிர்நோக்குகின்றன என்பதைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, உணவு ஆய்வு ஒருமுறை செய்து மூடிவைக்கும் வேலையன்று. எச்சம் சேகரிப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பயிற்சி பெற்ற வனக்காவலர்கள் தம் அன்றாட ரோந்தின்போதே இடமும் நாளும் குறித்து இதனைச் செய்யலாம். கல்லூரி விலங்கியல் துறைகள் மயிர் ஆய்வை மேற்கொள்ளலாம். சிறுத்தையின் எச்சத்தில் ஆட்டு மயிர் ஆண்டுதோறும் கூடிவருமாயின், இழப்பீட்டு விண்ணப்பங்கள் குவிவதற்கு முன்பே அது எச்சரிக்கை அளிக்கும்.

புலி, சிறுத்தை, செந்நாய் ஆகிய மூன்றும் நாகரஹொளெயில் ஒரு சேர வாழ்வதற்கு அவற்றின் இணக்கம் காரணமன்று. அங்குள்ள கடமானும் காட்டெருதும் புள்ளிமானும் புதரும் மரமுமே காரணம். ஒரு காட்டில் இம்மூன்றும் சேர்ந்து வாழ்கின்றனவா என்று பார்ப்பது அக்காட்டின் நலத்தை அறிய ஒரு நல்ல அளவுகோலாகும். முதலில் செந்நாய் காணாமற்போய், பின்னர்ச் சிறுத்தை ஊரோரத்தில் மட்டும் தென்படத் தொடங்குமாயின், காட்டினுள் இரையின் நிலை என்ன என்பதை உடனே ஆராய வேண்டும்.